கத்தரிக்கோலுக்கு முன் கணக்கு: ஏ4 தாளை வைத்துக் கணிதமும் பொறியியலும் சொல்லிக்கொடுப்பது எப்படி

பள்ளிக் கண்காட்சிகளில் தெர்மாகோல் தாஜ்மகாலும் ஜிகினா ஒட்டிய கோபுரமும் வரிசை கட்டி நிற்கும். பார்க்க அழகுதான். செய்த பிள்ளையிடம் "இந்தச் சரிவுக்கு எத்தனை செ.மீ. வெட்டினாய், ஏன்?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. கடையில் வாங்கிய மாதிரியை ஒட்டியதில் கைவேலை உண்டு, கணக்கு இல்லை.

காகிதத்தை வைத்துக் கணக்கு சொல்லிக்கொடுக்க ஒரு விதி போதும். வெட்டுவதற்கு முன் ஓர் எண்ணை எழுதிவைக்க வேண்டும். செய்து முடித்ததும் அந்த எண்ணைச் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு குழுவும் நோட்டில் நான்கு கட்டம் போட்டுக்கொள்ளட்டும்: கணித்தது, அளந்தது, வித்தியாசம், காரணம். நான்காவது கட்டத்தை நிரப்புவதற்குத்தான் மற்ற மூன்றும். கீழே உள்ளவை 6 முதல் 10-ஆம் வகுப்பு வரைக்கும், பாலிடெக்னிக் முதலாண்டுக்கும் பொருந்தும்.

வாங்க வேண்டியவை

ஒரு கட்டு ஏ4 தாள். உறையில் 70, 75, 80 என்று ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) அச்சிட்டிருக்கும், அதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும். ஒரு சோதனைக்கு ஒரே கட்டுத் தாள்தான். 70-ஐயும் 80-ஐயும் கலந்தால் எது வடிவத்தால் வந்த பலம், எது தாளால் வந்த பலம் என்று பிரிக்க முடியாது.

தடித்த அட்டைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகைகள் எந்த வீட்டிலும் இருக்கும். இன்னும் தடிமனாக வேண்டுமானால் சிவகாசியில் அச்சாகி வரும் தினசரி காலண்டரின் பின்னட்டை. பற்சக்கரத்துக்கு மளிகைக் கடை அட்டைப்பெட்டி.

முப்பது செ.மீ. ஸ்டீல் ஸ்கேல், காம்பஸ், பாகைமானி, கத்தரிக்கோல், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா. கடைசியாகச் சொன்னதுதான் முக்கியமான கருவி. மடிக்க வேண்டிய கோட்டின் மேல் ஸ்கேலை வைத்து, மை இல்லாத பேனாவால் அழுத்தி ஒரு கோடு இழுத்துவிட்டால் மடிப்பு அந்தக் கோட்டிலேயே விழும். இதைச் செய்யாமல் விரலால் மடித்தால் அரை மில்லி, ஒரு மில்லி விலகும். பத்து மடிப்பில் அது ஒரு செ.மீ. ஆகிவிடும்.

ஒட்டுவதற்கு ஃபெவிகால், தண்ணீர் கலக்காமல், குச்சியால் மெல்லிய பூச்சாக. மைதாப் பசையில் நீர் அதிகம். தாள் ஊறி, காய்ந்ததும் கோணிக்கொள்ளும். போஸ்டர் ஒட்டுபவர்கள் அதில் பூச்சி வராமல் கலக்கும் மயில்துத்தம் நஞ்சு. பிள்ளைகள் கையில் அது வேண்டவே வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் தாள் ஈரத்தை இழுத்துத் துவண்டுபோகும். சித்திரை வெயிலில் செய்த தூணின் முடிவையும் அடைமழையில் செய்த தூணின் முடிவையும் ஒப்பிடாதீர்கள். ஒப்பிட வேண்டியதை ஒரே நாளில், ஒரே அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டுச் சோதியுங்கள்.

தாளுக்கும் திசை உண்டு

ஆலையில் தாள் ஓடும் திசையில்தான் பெரும்பாலான நார்கள் படுகின்றன. அந்தத் திசையில் தாள் விறைப்பு, குறுக்கே தளர்வு. கண்டுபிடிக்க, ஒரே தாளிலிருந்து 15 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலத்தில் இரண்டு பட்டைகள் வெட்டுங்கள், ஒன்று தாளின் நீளவாக்கில், இன்னொன்று அகலவாக்கில். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரு முனையை மட்டும் பிடித்துப் படுக்கையாக நீட்டுங்கள். பிறகு மேல் கீழ் மாற்றி மீண்டும் நீட்டுங்கள். தளர்ந்த பட்டை கீழே இருக்கும்போது தனியே பிரிந்து தொங்கும், மேலே இருக்கும்போது விறைத்ததன் மீது படுத்துக்கொள்ளும். ஏ4 தாள்களில் பெரும்பாலும் நார் 29.7 செ.மீ. பக்கத்தோடு ஓடும். பின்னால் செய்யப்போகும் பாலத்தின் மடிப்புகள் நாரோடு போக வேண்டும். குறுக்கே மடித்தால் மடிப்பு வெடித்தாற்போல் சொரசொரக்கும்.

தராசு இல்லாமல் எடை

ஏ4 தாளின் பரப்பு 0.21 × 0.297 = 0.06237 சதுர மீட்டர். 80 ஜி.எஸ்.எம். என்றால் ஒரு சதுர மீட்டர் 80 கிராம். ஆக ஒரு தாள் 4.99 கிராம், ஐந்து என்றே வைத்துக்கொள்ளலாம். நூறு தாள் அரைக் கிலோ, 500 தாள் கட்டு இரண்டரைக் கிலோ. 75 ஜி.எஸ்.எம். கட்டாக இருந்தால் 2.34 கிலோ. இனி வரும் எல்லாச் சோதனைக்கும் இந்தத் தாள்களே எடைக்கல். மளிகைக் கடைத் தராசில் ஒருமுறை சரிபார்க்கச் சொன்னால் அதுவே முதல் கணிப்பும் முதல் சோதனையும் ஆகிவிடும். கட்டின் உயரம் ஏறத்தாழ 5 செ.மீ. அதை 500-ஆல் வகுத்தால் ஒரு தாளின் தடிமன் 0.1 மி.மீ.

மடித்தே நிரூபிப்பது

ஏ4-இன் அகலப் பக்கத்தை நீளப் பக்கத்தின் மேல் படியுமாறு மூலையிலிருந்து மடியுங்கள். மடிப்புக்கோடு 21 செ.மீ. சதுரத்தின் மூலைவிட்டம். அதன் நீளம் என்ன? இன்னொரு தாளின் நீளப் பக்கத்தை அந்தக் கோட்டின் மேல் வைத்துப் பாருங்கள், அச்சாகப் பொருந்தும். 21 × √2 = 29.698. பாதியாக வெட்டினாலும் பக்க விகிதம் மாறாத ஒரே செவ்வகம் இதுதான், அதனால்தான் இந்த விகிதம். ஜெராக்ஸ் கடையில் ஏ3-ஐ ஏ4 ஆக்க 71 சதவீதம் என்று பட்டனைத் தட்டுவதும் இந்த √2-இன் தலைகீழ்தான்.

அடுத்தது ஜப்பானியரான கசுவோ ஹாகா கண்டு சொன்ன மடிப்பு. 16 செ.மீ. சதுரம் வெட்டுங்கள். மேல் பக்கத்தின் நடுப்புள்ளியைக் குறியுங்கள். வலது கீழ் மூலையைத் தூக்கி அந்த நடுப்புள்ளியில் சரியாக வைத்து, தாளை அழுத்தி மடியுங்கள். மேல் வலது மூலையில் ஒரு சிறு செங்கோண முக்கோணம் கிடைக்கும். அதன் ஒரு பக்கம் 8 செ.மீ. என்று முன்பே தெரியும், சதுரத்தில் பாதி. மற்ற இரண்டையும் கணக்கிடச் சொல்லுங்கள். செங்குத்துப் பக்கத்துக்கு ஒரு பெயர் வைத்தால், கர்ணம் 16-இல் அது போக மீதி. பிதாகரஸ் போட்டால் 6-ம் 10-ம் வந்து நிற்கும். இடப்பக்கம் உருவாகும் முக்கோணம் இதற்கு வடிவொத்தது. மடிந்த விளிம்பு சதுரத்தின் இடப் பக்கத்தை மேல் மூலையிலிருந்து 10.67 செ.மீ.யில் வெட்டும். அதாவது 16-இல் மூன்றில் இரண்டு பங்கு. ஸ்கேலே இல்லாமல் பக்கத்தை மூன்றாகப் பிரித்தாயிற்று. விடை 10.3, 11 என்று வந்தால் பெரும்பாலும் சதுரமே சதுரமாக இல்லை. மூலைவிட்டத்தில் மடித்து விளிம்புகள் படிகின்றனவா என்று முதலில் பாருங்கள்.

பொரியால் அளக்கும் கன அளவு

இரண்டு ஏ4 தாள். ஒன்றை நெட்டையாக, 29.7 செ.மீ. உயர உருளையாகச் சுருட்டுங்கள். இன்னொன்றைக் குட்டையாக, 21 செ.மீ. உயரத்துக்கு. பரப்பு ஒன்றுதான், எதில் அதிகம் பிடிக்கும்? கையைத் தூக்கச் சொன்னால் பாதி வகுப்பு "ரெண்டும் ஒண்ணுதான்" என்னும்.

குட்டை உருளையை ஒரு தட்டில் நிறுத்தி, நெட்டையை அதற்குள் வையுங்கள். நெட்டையின் விளிம்பு வரை பொரியைக் கொட்டுங்கள். இப்போது நெட்டையை மெதுவாக உருவுங்கள். பொரி சரிந்து குட்டையில் பரவும், ஆனால் நிரப்பாது. எந்த உயரத்தில் நிற்கும் என்பதை உருவுவதற்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். கணக்கு: நெட்டையின் கன அளவு 1042 கன செ.மீ., குட்டையின் கன அளவு 1474. பொரி 14.85 செ.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். 29.7-இல் சரிபாதி! இது தற்செயல் இல்லை. எந்தச் செவ்வகத்திலும் இரண்டு உருளைகளின் விகிதம் அதன் பக்கங்களின் விகிதமேதான், ஏ4-இல் அது √2.

அளந்தால் 14.85 வராது, 14.4 பக்கம் வரும். காரணம் ஒட்டுவதற்காக விட்ட ஒரு செ.மீ. மடிப்பு. சுற்றளவு 21 அல்ல 20, 29.7 அல்ல 28.7. மீண்டும் போட்டால் 14.42. பொறியியலில் தினம் நடப்பது இதுதான்: படத்தில் உள்ள அளவு வேறு, இணைப்புக்குப் போனபின் மிஞ்சும் அளவு வேறு.

அரிசி, மணல் வேண்டாம். கனத்தில் தாள் சுவர் உப்பி, அளவு கூடிக் காட்டும். பொரி லேசானது. குலுக்கவோ அமுக்கவோ கூடாது, எல்லா முறையும் ஒரே உயரத்திலிருந்து கொட்ட வேண்டும்.

இதே பொரியில் திறந்த பெட்டியையும் பார்த்துவிடலாம். ஏ4-இன் நான்கு மூலையிலும் ஒரே அளவு சதுரம் வெட்டி நீக்கி, பக்கங்களைத் தூக்கி ஒட்டினால் மூடியில்லாப் பெட்டி. குழுவுக்கு ஓர் அளவு கொடுங்கள். வெட்டு 2 செ.மீ. என்றால் 874 கன செ.மீ., 3 என்றால் 1066, 4 என்றால் 1128, 5 என்றால் 1083, 6 என்றால் 956. கரும்பலகையில் இந்த ஐந்து புள்ளிகளை வரைந்தால் மேடு தானாகத் தெரியும். உச்சி 4-ஐ ஒட்டி இருக்கிறது என்பதை வகையீடு தெரியாத எட்டாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லிவிடும். பதினொன்றாம் வகுப்பில் அதே பிள்ளைக்கு வகையீட்டை ஆரம்பிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

கடலைப் பொட்டலம்

மதுரை சித்திரை வீதியில் வறுத்த கடலை விற்பவர் தாளைச் சுருட்டும் வேகத்தில் கூம்பு எல்லோருக்கும் தெரியும். அதைக் கணக்காக்க, 10 செ.மீ. ஆரத்தில் வட்டம் வரைந்து, 216 பாகை வட்டக்கோணப்பகுதியை வெட்டுங்கள். ஒட்டுவதற்கு ஒரு செ.மீ. நாக்கை வில்லின் ஓரத்தில் அல்ல, ஆரக்கோட்டுக்கு வெளியே விட வேண்டும். அந்த நாக்கை 216-க்குள் சேர்த்துவிடுவதுதான் வழக்கமான தவறு.

வில்லின் நீளமே கூம்பின் அடிச்சுற்றளவு. ஆகவே அடி ஆரம் 10 × 216 ÷ 360 = 6. வட்டத்தின் ஆரம் 10 இப்போது சாயுயரம். உயரம் √(100 − 36) = 8. மேசையில் கவிழ்த்து ஸ்கேலால் அளந்தால் எட்டுதான். பாகைமானியில் இரண்டு பாகை பிசகினால் உயரம் அரை மில்லிகூட மாறாது. ஆகவே 7.5 வந்தால் பாகைமானியைக் குறை சொல்லாதீர்கள். கூம்பு வட்டமாக நிற்கிறதா, முட்டை வடிவில் சப்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

கன அளவு 302 கன செ.மீ. சாய்வும் உயரமும் இப்படி முழு எண்ணில் கிடைப்பதால் முதல் கூம்புக்கு 216 நல்லது. அதிகம் பிடிக்கும் கூம்பு வேறு: சுமார் 294 பாகை, 403 கன செ.மீ. அது தட்டையாக, ஏந்திய கைபோல இருக்கும். கடலை வியாபாரி ஏன் அந்த வடிவில் மடிப்பதில்லை என்று கேட்டுப் பாருங்கள். கையில் பிடிக்க வேண்டும், வாயை மடித்து மூட வேண்டும், தாளின் கிழிசலைப் பயன்படுத்த வேண்டும். கன அளவை மட்டும் பார்த்து யாரும் வடிவமைப்பதில்லை.

கோபுரத்தின் சாய்வு

மீனாட்சி கோயிலின் தெற்குக் கோபுரம் சுமார் 170 அடி, அதாவது 52 மீட்டர். 1:200 அளவில் 26 செ.மீ., ஏ4-க்குள் அடங்கும். அடியை 16 × 10 செ.மீ., மேற்புறத்தை 8 × 4 செ.மீ. என்று எடுத்துக்கொள்ளுங்கள் (இது பயிற்சிக்கான அளவு, கோயிலின் அளவு அல்ல). நான்கு பக்கமும் சரிவகம். ஒவ்வொரு சரிவகத்தையும் எவ்வளவு உயரமாக வெட்டுவது?

"26" என்பதுதான் முதல் பதில். தவறு. அகலமான முகம் உள்நோக்கிச் சாய்வது 10-க்கும் 4-க்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி, 3 செ.மீ. அதன் சாயுயரம் √(26² + 3²) = 26.17. குறுகிய முகம் 16-லிருந்து 8-க்குச் சாய்கிறது, 4 செ.மீ. சாயுயரம் √(26² + 4²) = 26.31. 3-ஐயும் 4-ஐயும் மாற்றிப் போடுவது அடுத்த தவறு, ஏனென்றால் தன் முகத்தின் அகலம் குறைவதையே தன் சாய்வு என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். ஒரு முகத்தின் சாய்வைத் தீர்மானிப்பது பக்கத்து முகத்தின் அகலம் குறையும் அளவு. மாற்றிப் போட்டால் ஒட்டும் விளிம்புகளில் ஒன்று 26.61, மற்றது 26.34. மூன்று மில்லி துருத்தும். சரியாகப் போட்டால் இரண்டு முகத்தின் விளிம்பும் √701 = 26.48. வெட்டும் முன் இரண்டையும் கணக்கிட்டு ஒன்றுதானா என்று சரிபார்ப்பது நல்ல பழக்கம்.

கோபுரம் செங்குத்தாக இருப்பதால் வித்தியாசம் மில்லிக்கணக்கில்தான் தெரிகிறது. சிறியவர்களுக்கு உயரத்தை 12 ஆகக் குறைத்துக் கொடுங்கள், பிழை பளிச்சென்று தெரியும். பெரியவர்களுக்கு எதிர்த்திசையில்: உண்மையான கோபுரத்தின் விளிம்பு நேர்கோடு இல்லை, லேசாக உள்வாங்கி வளைகிறது. நிலைக்கு ஒன்றாகச் சிறு இடைக்கண்டங்களை (மேலே குறுகி உச்சி வெட்டிய துண்டுகளை) அடுக்கி அந்த வளைவைக் கொண்டுவரச் சொல்லலாம்.

தூண்

ஏ4-ஐக் குறுக்கே பாதியாக வெட்டி, ஒவ்வொன்றையும் 19.5 × 14.8 செ.மீ. ஆக்குங்கள். 14.8 உயரம். 1.5 செ.மீ. ஒட்டும் நாக்கு. மீதி 18 செ.மீ. சுற்றளவு. இதில் நான்கு தூண்: 6 செ.மீ. பக்க முக்கோணம், 4.5 செ.மீ. சதுரம், 3 செ.மீ. அறுகோணம், 5.7 செ.மீ. விட்ட வட்டம். ஒவ்வொன்றின் மேலும் காலண்டர் அட்டைத் துண்டு ஒன்றை வைத்து, நூறு நூறு தாளாக ஏற்றுங்கள். எது முதலில் சரியும் என்று வரிசைப்படுத்தி எழுதிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

முக்கோணம் முதலில் போகும். தாள் கிழிவதில்லை, நசுங்குவதுமில்லை. தட்டையான சுவரின் நடுப்பகுதி நெளிந்து பக்கவாட்டில் புடைக்கிறது, சுமை மூலைகளுக்கு ஓடுகிறது, மூலை தாங்காமல் மடிகிறது. தட்டைச் சுவர் நெளியத் தொடங்கும் அழுத்தம், தடிமனுக்கும் சுவர் அகலத்துக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அகலம் 6-லிருந்து 3 ஆனால் தாங்கும் திறன் நான்கு மடங்கு, 4.5 ஆனால் சுமார் 1.8 மடங்கு. வட்டத்தில் தட்டைச் சுவரே இல்லை.

ஏட்டுக்கணக்குப்படி வட்டம் வெல்ல வேண்டும். வகுப்பில் அறுகோணம் சில நேரம் வட்டத்தை வீழ்த்திவிடும். வட்டத்தின் பலம் முழுக்க அதன் ஒழுங்கான வளைவில் இருக்கிறது, விரல் பட்டு ஒரு சிறு பள்ளம் விழுந்தால் போயிற்று. அறுகோணம் அந்த அளவுக்குச் சிணுங்காது. இது "காரணம்" கட்டத்துக்கு அருமையான தீனி. "சரியான விடை" வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யவைத்து இதைக் கெடுத்துவிடாதீர்கள்.

சீக்கிரம் சரியும் தூண்களில் பெரும்பாலானவற்றில் குற்றம் வெட்டில்தான். முனை கோணலாக இருந்தால் சுமை ஒரு புள்ளியில் இறங்கும். தூணைக் கண்ணாடி மேல் நிறுத்தி, அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். சுமையை மையத்தில் வைக்க அட்டையில் மூலைவிட்டம் வரைந்துகொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இதைச் சொல்லும்போது திருமலை நாயக்கர் மகாலின் உருண்டைத் தூண்களை உதாரணம் காட்டத் தோன்றும். அவை கட்டுமானத்தால் நிறைந்த பருத்த தூண்கள், சுவர் நெளியும் பிரச்சினையே அவற்றுக்கு இல்லை. மெல்லிய சுவருக்குத் தெருவிளக்குக் கம்பம் சரியான உதாரணம். மகாலுக்குக் கூட்டிப்போனால் வளைவுகளைக் காட்டுங்கள். பத்திரிகை அட்டையில் 28 செ.மீ. பட்டை வெட்டி, 20 செ.மீ. இடைவெளியில் வளைத்து நிறுத்தி, மேலே அழுத்தினால் கால்கள் விரியும். இரண்டு பக்கமும் புத்தகம் முட்டுக்கொடுத்தால் நிற்கும். வளைவு சுமையைப் பக்கத்துக்குத் தள்ளுகிறது, அந்தத் தள்ளலை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும்.

பாலம்

20 செ.மீ. இடைவெளியில் இரண்டு புத்தக அடுக்கு. மேலே ஒரு தாளை விரித்தால் தன் கனத்திலேயே தொய்யும். அதே தாளை நீளவாக்கில் 1.5 செ.மீ.க்கு ஒரு மடிப்பாக விசிறிபோல மடியுங்கள், 14 பட்டை வரும். மேலே ஓர் அட்டை வைத்துத் தாள்களை அடுக்கலாம். பட்டறைக் கூரையின் தகர ஷீட் ஏன் நெளிநெளியாக இருக்கிறது என்பதற்கு விளக்கம் இதற்குமேல் தேவைப்படாது.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. புத்தகத்தில் உத்திரத்தின் விறைப்பு உயரத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது என்று இருக்கும்: உயரம் இரட்டித்தால் எட்டு மடங்கு. அது அகலம் மாறாமல் இருந்தால். இங்கே தாளின் அளவுதான் மாறாமல் இருக்கிறது. மடிப்பை 1 செ.மீ.யிலிருந்து 2 ஆக்கினால், சாய்வுக்கோணம் அதேயானால், உயரம் இரட்டிக்கும், விறைப்பு நான்கு மடங்குதான் ஆகும். அப்படியானால் 4 செ.மீ. மடிப்பு இன்னும் நன்றா? இல்லை. தூணில் பார்த்த அதே நெளிவு இங்கேயும் வரும், அகலமான பட்டை பக்கவாட்டில் புடைத்துவிடும். 1, 1.5, 2, 3 செ.மீ. என்று நான்கு குழுவுக்குப் பிரித்துக்கொடுத்தால் நடுவில் எங்கோ உச்சி வரும்.

தோற்கும் பாலங்களில் முக்கால்வாசி முறிவதில்லை. விரிகின்றன, மடிப்புகள் தட்டையாகிச் சரிகின்றன. இரண்டு முனையிலும் அடியில் 2 செ.மீ. தாள் பட்டை குறுக்கே ஒட்டிவிட்டால் இது நின்றுவிடும்.

முக்கோணச் சட்டகம்

இது நீளமான வேலை. அரை ஏ4 தாளின் 21 செ.மீ. பக்கத்தைப் பென்சில் மேல் இறுக்கமாகச் சுருட்டி, கடைசி 2 செ.மீ.க்கு மட்டும் பசை தடவி ஒட்டிப் பென்சிலை உருவுங்கள். எட்டுச் சுற்றுள்ள 14.8 செ.மீ. குழாய் கிடைக்கும், எடை இரண்டரை கிராம். மூன்று குழாயை நூலால் முக்கோணமாகக் கட்டுங்கள், நான்கைச் சதுரமாக. சதுரம் சாயும், முக்கோணம் சாயாது. சதுரத்துக்கு ஒரு மூலைவிட்டம் போட்டால் அதுவும் நின்றுவிடும். ஒரே தளத்தில் தட்டையாக அமைந்த உறுதியான சட்டகத்துக்குக் கணக்கு இது: கம்பிகளின் (இங்கே குழாய்களின்) எண்ணிக்கை = 2 × இணைப்புகள் − 3.

நான்கு கட்டப் பாலம்: கீழே 5 இணைப்பு, மேலே 4, மொத்தம் 9. கம்பிகள் 2 × 9 − 3 = 15: கீழே 4, மேலே 3, சாய்வு 8. பொருந்துகிறது. இணைப்பின் மையத்துக்கு மையம் 16 செ.மீ. வருமாறு, பத்திரிகை அட்டையில் வெட்டிய தகடுகளை இரண்டு பக்கமும் ஒட்டி இணையுங்கள். குழாய் முனை தகட்டுக்குள் குறைந்தது 2 செ.மீ. படிய வேண்டும். பாலத்தின் நீளம் 64 செ.மீ. இரண்டு பக்கச் சட்டகத்துக்கு 30 குழாய், இரண்டையும் சேர்க்க 12 செ.மீ. குறுக்குக் குழாய் 9. மேல், கீழ் தளங்களில் குறுக்காக நூல் கட்டாவிட்டால் பாலம் சுமை ஏறுமுன்பே பக்கவாட்டில் படுத்துவிடும்.

கீழே நடு இணைப்பில் மொத்தம் 4 கிலோ தொங்கவிடப் போகிறோம் என்றால் ஒரு சட்டகத்துக்கு 2 கிலோ. சமபக்க முக்கோணங்கள் என்பதால் கணக்கு எளிது. மேல் நடுக் கம்பியில் 2.31 கிலோ அமுக்கம், கீழ் நடுக் கம்பிகளில் 1.73 கிலோ இழுப்பு, சாய்வுக் கம்பிகளில் 1.15 கிலோ, ஓரத்திலிருந்து அமுக்கம், இழுப்பு, அமுக்கம், இழுப்பு என்று மாறி மாறி. இப்போது சோதனை: இழுப்பு என்று கணக்கு சொல்லும் சாய்வுக் குழாய் ஒன்றை வெட்டி எடுத்துவிட்டு, அதே இடத்தில் இறுக்கமாக நூலைக் கட்டுங்கள். பாலம் நிற்கும். அமுக்கம் என்று சொன்ன இடத்தில் அதையே செய்தால் விழும். ஒரு பக்கக் கணக்கு இப்படிக் கண்முன்னே மெய்யாவது வேறு எந்த மாதிரியிலும் எளிதாகக் கிடைக்காது.

குழாய் முறிவதற்கு முன் தகடு உரிந்துவருவதுதான் வழக்கம். உரிந்த தகட்டைப் பாருங்கள். பசை மட்டும் பிரிந்திருந்தால் காயவில்லை, தாளின் மேல்தோல் பிய்ந்து வந்திருந்தால் பசை நன்றாகப் பிடித்திருக்கிறது, பரப்புதான் போதவில்லை. சுமைக்கு அடியில் மூன்று செ.மீ. இடைவெளி விட்டுப் புத்தகங்களை அடுக்கிவைத்தால் விழுந்தாலும் பாலம் சப்பையாகாது, எங்கே போனது என்று படிக்க முடியும்.

மிஞ்சிய நேரத்துக்குப் பற்சக்கரம்

அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத் தாளை லேசாக நனைத்து உரித்தால் உள்ளே நெளிவு தெரியும். அதைப் பட்டையாக வெட்டி, வட்ட அட்டையைச் சுற்றி நெளிவு வெளியே தெரிய ஒட்டினால் பற்சக்கரம். நெளிவுக்கு நெளிவு 7 மி.மீ. என்று அளந்தால், 20 பல்லுக்குச் சுற்றளவு 14 செ.மீ., விட்டம் 4.46 செ.மீ. 40 பல்லுக்கு 8.9. விட்டத்தைச் சரியாகக் கணக்கிடாதவர்களின் சக்கரத்தில் கடைசிப் பல் பாதியில் நிற்கும், அந்த இடத்தில் சக்கரம் சுற்றும்தோறும் ஒருமுறை சிக்கும். இரண்டு சக்கரத்தின் பட்டையும் ஒரே பெட்டியிலிருந்து வர வேண்டும்.

கால ஒதுக்கீடு: மடிப்பும் பொரியும் கூம்பும் தனித்தனியாக 40 நிமிடப் பிரிவேளையில் முடியும். தூணுக்கும் மடிப்புப் பாலத்துக்கும் இரட்டைப் பிரிவேளை வேண்டும். சட்டகத்தின் பசை இரவு முழுக்கக் காய வேண்டும், ஆகவே வெள்ளிக்கிழமை ஒட்டி, திங்கட்கிழமை எடை ஏற்றுங்கள்.